பெரியவர்கள் வெளியே நிற்கட்டும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'நவீனக் கலை அருங்காட்சியகமும் சமூகமும்' என்று போட்டிருக்கிறார்கள். தலைப்பு பெரிது. ஒரு மணி நேரத்தில் உலகத்து அருங்காட்சியகங்களை எல்லாம் சுற்றிவந்தால் வீட்டுக்குப் போகும்போது ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஒரே ஓர் அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்கிறேன். அதிலும் அதன் கல்விப் பிரிவை மட்டும். அந்தப் பிரிவிலும் பெரும்பாலும் ஒரே மனிதரை. அருங்காட்சியகம் நியூயார்க்கில் இருக்கிறது. நவீனக் கலை அருங்காட்சியகம் என்பதை 'மோமா' என்று சுருக்கிச் சொல்வார்கள். மனிதரின் பெயர் விக்டர் டாமிகோ. அங்கே சுவரில் தொங்கும் பிக்காசோவைத் தெரியாதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டார்கள். அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளோடு வேலை பார்த்தவரைத் தெரிந்தவர்கள் குறைவு. ஓவிய ஆசிரியர்களின் தலையெழுத்து எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

மோமா 1929 நவம்பரில் திறந்தது. அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. ஆபி ராக்பெல்லர், லில்லி பிளிஸ், மேரி சலிவன் என்ற மூன்று பெண்மணிகள் எடுத்த முயற்சி அது. ஐந்தாம் அவென்யூவில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் 12-ஆம் மாடியில் வாடகை அறைகள். முதல் இயக்குநர் ஆல்பிரட் பாருக்கு வயது 27. அரசுப் பட்டயத்தின்படி அது ஒரு கல்வி நிறுவனம். பட்டயத்தில் அப்படி இருந்தாலும், கல்விக்கென்று தனித்திட்டம் ஒன்று தொடங்குவதற்கு 1937 வரை ஆயிற்று. அதையும் பகுதிநேர வேலையாகத்தான் கொடுத்தார்கள். பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்த டாமிகோ, பள்ளி வேலையை விடாமலே வந்து அதையும் பார்த்தார். இந்தப் பகுதிநேரக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அவர் செய்தவற்றில் ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். 1942-இல் மோமாவுக்குள் குழந்தைகளுக்கென்று ஒரு கலைவிழாவைத் தொடங்கினார். பிற்காலத்தில் 'குழந்தைகள் கலைத் திருவிழா' என்ற பெயரில் ஆண்டுதோறும் நடந்தது. 4 வயது முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மட்டுமே அனுமதி. நுழைவாயிலே ஒரு வேடிக்கை. கதவு கிடையாது, ஒரு நான்கு வயதுக் குழந்தையின் உடல் விளிம்பும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உடல் விளிம்புமாகக் கம்பியை வளைத்தது போன்ற ஒரு சட்டம். பிள்ளை தன் அளவுக்கு ஏற்ற உருவத்துக்குள் புகுந்து உள்ளே போகும். பெரியவர்கள் நுழைய முடியாது. விளையாட்டாகச் செய்ததாகத் தோன்றும், அது விதி. அப்பா, அம்மா, பாட்டி, வேலைக்காரம்மா எல்லாரும் வெளியே.

உள்ளே இரண்டு பகுதிகள். முதல் அறையில் வெளிச்சம் மங்கல், நீலமும் பச்சையும் கலந்த குளிர்ச்சியான சூழல். அங்கே பென்சிலும் இல்லை, தாளும் இல்லை. பொம்மைகள்தான். காந்தத்தின் உதவியால் தீனி தின்னும் பூனை ஒன்று. பியானோவைப் போலக் கட்டைகளை அழுத்தினால் திரையில் நிறங்கள் எழும் கருவி ஒன்று. ஆணிகளைச் செருகிச் செருகி முப்பரிமாணத்தில் கோலம் போடுவது போன்ற பலகை ஒன்று. இவற்றைக் கடையில் வாங்கவில்லை. ரூத் வோல்மர் போன்ற கலைஞர்களைக் கொண்டு செய்வித்தார்கள். பிள்ளை ஓடி ஓடி எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும். நிறம், அசைவு, எடை, இடைவெளி எல்லாம் யாரும் சொல்லித்தராமலே கைக்குள் ஏறிவிடும்.

பிறகு அடுத்த பகுதி. நல்ல வெளிச்சம். பிள்ளையின் உயரத்துக்கு ஏற்றி இறக்கக்கூடிய வரைதாங்கிகள். நடுவில் மேசைகள்; மேசை மேல் இறகு, துணி, கம்பி, பளபளக்கும் தாள், பசை. ஆசிரியர்கள் உண்டு, ஆனால் 'இதை வரை' என்று சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. தூரிகை கழுவத் தெரியவில்லை என்றால் காட்டுவார்கள். கம்பி வளையவில்லை என்றால் ஒரு கை கொடுப்பார்கள். அவ்வளவே.

இதைப் படித்தபோது நம் பள்ளிகளின் ஓவிய வகுப்பு நினைவுக்கு வராமல் இருக்குமா? கரும்பலகையில் ஆசிரியர் ஒரு மாம்பழம் வரைவார். நாற்பது நோட்டில் நாற்பது மாம்பழம் காய்க்கும். விருப்பம்போல் வரையச் சொன்னால் இரண்டு மலை, நடுவில் அரைச் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நாலைந்து பறவை. மலையையே பார்த்திராத தஞ்சாவூர்ப் பிள்ளையும் அந்த இரண்டு மலையைத்தான் வரையும். பெரியவர்கள் முன்னால் நின்றால் பிள்ளை தன் கண்ணில் பட்டதை வரையாது, பெரியவர்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்ததை வரையும். டாமிகோ பெற்றோரை வாசலில் நிறுத்தியதற்குக் காரணம் இதுவே.

இன்னும் ஒரு படி போய் ஓவியப் போட்டிகளையே அவர் எதிர்த்தார். வண்ணம் தீட்டும் புத்தகங்களையும் எதிர்த்தார். 1950-களில் அமெரிக்காவில் எண் போட்ட கட்டங்களில் நிறம் நிரப்பும் படப்பெட்டிகள் வீட்டுக்கு வீடு விற்றன, அவற்றையும் விட்டுவைக்கவில்லை. போட்டி என்றதும் இங்கே சிலர் நெளிவது தெரிகிறது. வங்கி ஆண்டுவிழா, சாலைப் பாதுகாப்பு வாரம், தலைவர் பிறந்தநாள் என்று நாம் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து நடத்தும் போட்டிகளுக்குக் கணக்கே இல்லை. பின்வரிசையில் நின்று 'வானத்துக்கு நீலம் போடு, நீலம் போடு' என்று கிசுகிசுக்கும் தாய்மாரையும் பார்த்திருக்கிறோம். முதல் பரிசு யாருக்கு என்பது பல சமயம் பின்வரிசையின் திறமை.

டாமிகோவின் வேலை பிள்ளைகளோடு நின்றுவிடவில்லை. 1944-இல், போர் முடிவதற்கு முன்பே, களத்திலிருந்து திரும்பிய வீரர்களுக்காக மோமா ஒரு கலை மையம் நடத்தத் தொடங்கியது. 1948 வரை நடந்தது. கட்டணம் இல்லை. ஓவியம், மரவேலை, மண்பாண்டம், நகைவேலை என்று அவரவர் விருப்பம். சிகிச்சை என்ற பெயர்ப்பலகையை டாமிகோ மாட்டிக்கொள்ளவில்லை. வந்தவர்களை நோயாளிகளாகப் பார்க்காமல், கைத்திறன் பழக வந்தவர்களாக நடத்தினார். அந்த மையமே பிறகு பொதுமக்களுக்கான மக்கள் கலை மையமாக உருமாறியது. 1952-இலும் 1953-இலும் என்.பி.சி. தொலைக்காட்சியில் அவர் நிகழ்ச்சி ஒன்றும் நடத்தினார். 1960-இல் கடற்படையின் பழைய படகு ஒன்றை லாங் ஐலண்டின் கரையில் நிறுத்தி அதையும் ஓவியப் பள்ளியாக்கினார். மனிதருக்குக் கை சும்மா இருக்காது.

திருவிழா கடல் கடந்தும் போயிற்று. 1957-இல் மிலான், பார்சிலோனா; 1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சி. அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். சோவியத்துக்காரர்கள் ஸ்புட்னிக் செயற்கைக்கோளின் மாதிரியைக் கொண்டுவந்து காட்டிய பிரஸ்ஸல்ஸில் அமெரிக்கர்கள் தங்கள் பிள்ளைகளின் சுதந்திரத்தைக் காட்டினார்கள். பனிப்போரின் ஒரு மூலையில் இந்தப் பூனையும் தீனி தின்றது. 1962 மார்ச்சில் இந்தியா வந்த அமெரிக்க அதிபரின் மனைவி ஜாக்குலின் கென்னடி, இதே திருவிழாவின் அரங்கை நம் குழந்தைகளுக்கான அன்பளிப்பாக இந்திரா காந்தியிடம் கொடுத்தார். தில்லியில் நிறுவினார்கள். வளைந்த சட்டத்துக்குள் நம் பிள்ளைகளும் நுழைந்தார்கள். அரசியல் எதுவாக இருந்தாலும் பிள்ளைக்குக் கிடைத்தது நிஜமான நிறமும் நிஜமான பசையும் என்பதால் எனக்கு இதில் பெரிய மனவருத்தம் இல்லை.

வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. வாசல் பெரியவர்களைத் தடுத்தது, சரி. அந்த வாசல் வரைக்கும் வந்து சேர்ந்த பிள்ளைகள் யார்? மன்ஹாட்டன் நடுப்பகுதிக்கு அழைத்துவர நேரமும் வசதியும் உள்ள வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும். இந்தக் கேள்வி 1969-இல் வெடித்தது. அந்த ஜனவரியில் தாக்கிஸ் என்ற கிரேக்கச் சிற்பி, தன் அனுமதியில்லாமல் காட்சிக்கு வைத்ததாகச் சொல்லித் தன் படைப்பைத் தானே மோமாவிலிருந்து தூக்கிக்கொண்டு வெளியேறினார். அதிலிருந்து கலைத் தொழிலாளர் கூட்டணி பிறந்தது. நுழைவுக் கட்டணம் வேண்டாம், கறுப்பினக் கலைஞர்களுக்கும் புவேர்ட்டோ ரிக்கோ கலைஞர்களுக்கும் இடம் வேண்டும் என்று கோரிக்கைப் பட்டியல் நீண்டது. மறு ஆண்டு கட்டணமில்லா நாள் ஒன்று கிடைத்தது. மற்றவை அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. இன்று பெரியவர்களுக்கு அங்கே 30 டாலர். 16 வயது வரை இலவசம் என்பது ஆறுதல்.

அதே 1969-இல் திருவிழா நியூயார்க்கின் கறுப்பினக் குடியிருப்புப் பகுதியான ஹார்லெமுக்கு இடம்பெயர்ந்தது. நடத்தியவர் பெட்டி பிளேடன் டெய்லர். தானே ஓவியர், ஹார்லெம் ஸ்டுடியோ மியூசியத்தை நிறுவியவர்களில் ஒருவர். மோமாவின் கிளையாகத் தொடங்கியது பிறகு தனி நிறுவனமாகி, பல தலைமுறைப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டது. பிள்ளையை அருங்காட்சியகத்துக்கு வரவழைப்பதைவிட அருங்காட்சியகம் பிள்ளையின் தெருவுக்குப் போவது பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். பணிகளை அளக்கும் அறிக்கைகளில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான் ஒதுக்குகிறார்கள்.

டாமிகோ போன பிறகு மோமாவின் கல்விப் பிரிவு வேறு பாதையில் திரும்பியது. அவருக்குக் கைவேலைதான் எல்லாம். அடுத்து வந்தவர்களுக்கு, சுவரில் தொங்கும் படங்களை மக்கள் பார்ப்பதே கவலை. 1980-களில் பிலிப் யெனவைன் அந்தப் பிரிவின் இயக்குநர். விரிவுரைகள் நடக்கின்றன, வழிகாட்டிகள் கூட்டிப்போகிறார்கள், மக்களும் மகிழ்ச்சியாகத் திரும்புகிறார்கள். இவற்றால் எதுவும் மனத்தில் நிற்கிறதா என்று அறங்காவலர்கள் கேட்டார்கள். உளவியல் ஆய்வாளர் அபிகெய்ல் ஹவுசன் சோதித்துப் பார்த்துச் சொன்ன பதில் கசப்பானது: பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை. ஒரு சொற்பொழிவில் நின்றுகொண்டு இதைச் சொல்வதில் உள்ள சங்கடம் எனக்குத் தெரியாமல் இல்லை.

யெனவைனும் ஹவுசனும் சேர்ந்து உருவாக்கிய முறை மிகச் சிக்கனமானது. ஒரு படத்தின் முன் பிள்ளைகளை உட்காரவைத்து, முதலில் பேசாமல் பார்க்கவிடுவது. பிறகு மூன்று கேள்விகள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? ஆசிரியர் சரி, தவறு சொல்லக்கூடாது. பிள்ளை சொன்னதைக் கையால் படத்தில் சுட்டிக்காட்டி, தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஓவியரின் பெயர், ஆண்டு, பாணி எதுவும் பேச்சின் தொடக்கத்தில் வராது.

மோமாவில் ஆன்ரி ரூசோவின் ஓவியம் ஒன்று இருக்கிறது, 1897-இல் வரைந்தது. பாலைவனத்தில் ஒரு நாடோடிப் பெண் உறங்குகிறாள். உடம்பில் பல நிறக் கோடுகள் போட்ட அங்கி, கையில் கோல், பக்கத்தில் ஒரு மேண்டலினும் தண்ணீர்க் கூஜாவும். முழுநிலவு. அவளுக்குப் பின்னால் வாலை நிமிர்த்திய சிங்கம் ஒன்று குனிந்து முகர்ந்துகொண்டிருக்கிறது. ரூசோ பாரிசில் சுங்கச் சாவடி ஊழியராக இருந்தவர், தானே கற்று வரைந்தவர். இதைத் தன் சொந்த ஊரான லவாலுக்கு விற்கிறேன் என்று மேயருக்கு எழுதினார். ஊர் வேண்டாம் என்றது. ஊரார் எங்கும் ஊரார்தான்.

இந்தப் படத்தை நம் ஏழாம் வகுப்பில் மாட்டினால் எப்படிப் போகும் என்று கற்பனை செய்து பார்த்தேன். "சிங்கம் அவளத் திங்கப் போவுது சார்" என்று ஒருவன் தொடங்குவான். எதைப் பார்த்துச் சொல்கிறாய்? "அவ்ளோ கிட்ட வந்துருக்கே." இன்னொருத்தி ஒப்புக்கொள்ள மாட்டாள்: "வாய் மூடியிருக்கு சார். சும்மா மோந்து பாக்குது." மூன்றாவது பிள்ளை மணலைப் பார்க்கும். "சார், ரெண்டு பேருக்குமே காலடித் தடம் இல்ல. எப்படி நடந்து வந்தாங்க?" அந்தக் கணத்தில் வகுப்பு முழுக்க எழுந்து நிற்கும். காலடித் தடம் இல்லை என்பதைக் கவனித்து எழுதியவர் பிரெஞ்சுக் கவிஞர் ழான் காக்தோ. அரை மணி நேரம் சும்மா பார்க்கவிட்டால் காக்தோவின் கண் நம் பிள்ளைக்கும் வாய்க்கும். சிங்கம் கனவா, அந்தப் பெண்தான் சிங்கத்தின் கனவா என்று அதற்கு மேல் அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். ஆசிரியர் விடை சொன்னால் சண்டை நின்றுவிடும்; பார்ப்பதும் நின்றுவிடும்.

படம் கண் முன்னாலேயே இருக்கிறது, எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. இந்த எளிய உண்மையை மோமா 2006-இல் வேறொரு கூட்டத்துக்குப் பயன்படுத்தியது. அல்சைமர் மறதிநோய் உள்ளவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரையும் மாதம் ஒருமுறை அழைத்தார்கள். அப்போது செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அந்த விடுமுறை நாளில், கூட்டமில்லாத கூடங்களில். சிறு சிறு குழு, ஒன்றரை மணி நேரம், நாலைந்து படங்கள் மட்டும். 'இது யார் வரைந்தது, நினைவிருக்கிறதா?' என்ற கேள்வி வராது. நேற்றுச் சாப்பிட்டதை மறந்தவரும் எதிரே உள்ள நீலத்தைப் பற்றிப் பேசலாம். உடன்வரும் மகளோ கணவரோ அங்கே காவலாள் இல்லை, அவரும் விருந்தினர்தான். மறதிநோய் உள்ள பெரியவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். நாள் முழுக்க மருந்து, குளியல், 'அம்மா, நான் யார் சொல்லுங்க' என்ற பரிசோதனை. அந்தப் பரிசோதனையிலிருந்து ஒன்றரை மணி நேரம் இருவருக்கும் விடுதலை. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டபோது இரு தரப்பாரின் மனநிலையும் மேம்பட்டிருந்தது. இன்று வேறு நாடுகளிலும் அருங்காட்சியகங்கள் இதைச் செய்கின்றன.

இத்தனையும் செய்பவர்கள் யார்? படத்தின் முன் நின்று கேள்வி கேட்பவர், பசைப்பாத்திரத்தைக் கழுவுபவர், மறதியில் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்பவருக்கு முதல்தடவை கேட்பதுபோலத் தலையாட்டுபவர். 2019 அக்டோபரில் மோமா 450 மில்லியன் டாலர் விரிவாக்கத்தை முடித்து மறுபடி திறந்தது. ஆறு மாதத்துக்குள் கொரோனா வந்தது. 2020 வசந்தத்தில், ஒப்பந்த முறையில் இருந்த கல்விப் பயிற்றுநர்கள் அனைவரின் ஒப்பந்தத்தையும் மோமா முடித்துக்கொண்டது. 85 பேர் என்று செய்திகள் சொல்லின. கல்விச் சேவை மறுபடி தேவைப்பட மாதங்கள், ஏன் ஆண்டுகள்கூட ஆகலாம் என்ற பொருளில் அவர்களுக்கு மின்னஞ்சல் போயிற்று. ஒரு பில்லியன் டாலருக்கு மேல் வைப்பு நிதி உள்ள நிறுவனம் அது. எல்லா அருங்காட்சியகங்களுக்கும் அது கெட்ட காலம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கெட்ட காலத்தில் யாரை முதலில் வெளியே அனுப்புகிறோம் என்பதில்தான் ஒரு நிறுவனத்தின் உள்மனம் தெரியும். சுவரில் இருந்த படங்கள் ஆணியில் பத்திரமாக இருந்தன.

நம் பக்கம் திரும்புவோம். 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை முதலியவற்றுக்கு 16,000-க்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். கூடியிருக்கிறது, ஆனால் குடும்பம் நடத்தும் அளவுக்கு இல்லை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்த போராட்டங்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். டாமிகோவுக்குப் பகுதிநேரம் ஒரு தொடக்கம். இவர்களில் பலருக்கு அதுவே வாழ்நாள். பத்தாண்டுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு நிறம் கலக்கக் கற்றுக்கொடுத்தவர் கோடை விடுமுறை மாதச் சம்பளம் வருமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். நியூயார்க்கிலும் திருவண்ணாமலையிலும் கலைக்கல்வி என்றால் எல்லோரும் கைதட்டுகிறார்கள். கலை கற்பிப்பவர் வாசற்படியில் நிற்கிறார்.

அருங்காட்சியகம் நமக்குப் புதிதல்ல. எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இலிருந்து இருக்கிறது. ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966-இலிருந்து. அங்கே சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளை 2009 முதல் காட்சிக்கும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கிராமத்தை நிறுவிய ஓவியர் பணிக்கரின் படம் ஒன்றை நேரில் பார்க்க ஈஞ்சம்பாக்கம் பேருந்து போதும், நியூயார்க் விசா வேண்டாம். பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகளும் எழும்பூருக்கு வரத்தான் செய்கின்றன. பிள்ளைகளை இரட்டை வரிசையில் விட்டு, உதட்டில் விரல் வைக்கச் சொல்லி, வெண்கலக் காட்சிக்கூடத்தைப் பத்து நிமிடத்தில் கடத்திக்கொண்டுபோய்த் திமிங்கல எலும்பின் முன்னால் நிறுத்துவார்கள். 'தொடாதே', 'பேசாதே', 'சீக்கிரம் வா' என்ற மூன்றும்தான் அந்தச் சுற்றுலாவில் பிள்ளை காதில் விழும் கலைவிமர்சனம்.

அறக்கட்டளையாரிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. ஓவிய ஆசிரியர் ஒருவரின் நினைவாக இந்த நிதியை வைத்திருக்கிறீர்கள். ஆண்டுதோறும் அதன் வட்டியில் ஒரு பேச்சாளரை அழைக்கிறீர்கள். பேச்சு மனத்தில் நிற்பதில்லை என்று ஹவுசன் கண்டதை இப்போதுதான் சொன்னேன். அடுத்த ஆண்டு இந்த அரங்க வாடகை, அழைப்பிதழ், சால்வை, நினைவுப்பரிசு, பேச்சாளரின் ரயில் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஒரு பகுதிநேர ஓவிய ஆசிரியருக்குச் சில சனிக்கிழமைகளுக்கு மதிப்பான சம்பளம் கொடுக்க அது போதும் என்று நினைக்கிறேன். அவர் பத்துப் பிள்ளைகளை எழும்பூருக்கோ ஈஞ்சம்பாக்கத்துக்கோ கூட்டிப்போகட்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு படம் அல்லது ஒரே ஒரு சிற்பம். ஒரு மணி நேரம். அந்த மூன்று கேள்விகள். திரும்பி வந்து கம்பியும் துணியும் பசையும் வைத்து என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். பரிசு வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், முக்கியமாக விருந்தினர் உரை வேண்டாம். பெற்றோர் வந்தால் வெளியே தேநீர்க் கடை இருக்கிறது. செலவுக் கணக்கை வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன்; கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கிறேன்.